நூல்களுக்கு முகவரி எழுதிய அரங்கநாதன்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் கவிஞர் ஒருவரையோ உரையாசிரியர் ஒருவரையோ பற்றி எழுதுவதே முறை என்று அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஊர் ஊராக ஏடு தேடிய உ. வே. சாமிநாதையரைப் பற்றியும், அவருக்கு முன்பே பதிப்புத்துறையில் இறங்கிய சி. வை. தாமோதரம் பிள்ளையைப் பற்றியும் நம் கூட்டங்களில் பலமுறை பேசியாயிற்று. அவ்வாறு தேடிக் கண்டு பதிப்பித்த நூல், நூலகத்தில் எந்த அடுக்கில் எந்த இடத்தில் நிற்கிறது, கேட்டவர் கைக்கு அது எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை மட்டும் நாம் பேசியதில்லை. பேசத்தக்க பொருளாகவே அது நமக்குத் தோன்றவில்லை. அதையே தம் வாழ்நாள் முழுவதும் எண்ணி, எழுதி, கற்பித்து மறைந்தவர் நம் சோழநாட்டுக்காரர் ஒருவர். சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை, நூலின் முதுகில் ஒட்டப்படும் அச்சிறு எண்ணை முன்னிறுத்திச் சொல்ல விழைகிறேன்.

திருஞானசம்பந்தரின் ஊராகிய சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர் இவருடைய ஆறாம் வயதிலேயே காலமாகிவிட்டார். ஊரில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913இல் இளங்கலையும் 1916இல் கணிதத்தில் முதுகலையும் தேறினார். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ராஸ், மாணவப் பருவம் கடந்த பின்னரும் இவருக்கு ஆசானாகவே விளங்கினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றபின் 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். இளமையில் திக்குவாய் இவரை வருத்தியது. அதனோடு போராடி வென்றே வகுப்பறையில் நின்றார். மாணவர்களும் அவரை விரும்பினர்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முதல் நூலகராக ஒருவரைத் தேடியபோது இவர் விண்ணப்பித்தார். நூலகத்தின்மீது கொண்ட காதலால் அன்று. கல்லூரி ஆசிரியர் சம்பளத்தைவிட அச்சம்பளம் மிகுதி என்பதே காரணம். 1924 சனவரியில் பதவியேற்ற சில நாட்களிலேயே அப்பணி கசந்துவிட்டது. பேசுவதற்கு மாணவர் இல்லை. வருவதற்கு வாசகர் இல்லை. பூட்டிய அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பி அதன் முதல்வரை நாடினார். இலண்டனில் பயிற்சி பெறும் ஏற்பாடு இருக்கிறது, போய்த் திரும்பிய பின்னும் இந்த வேலை பிடிக்கவில்லையென்றால் கல்லூரியில் இடமுண்டு என்ற உடன்பாட்டின்மேல் அவர் கப்பலேறினார். பிழைப்புக்காக ஏற்ற ஒரு வேலையிலிருந்து தப்பிக்க முனைந்தவர் அதே துறைக்கு இலக்கணம் வகுத்தவராக ஆனது இப்படித்தான்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் சேயர்ஸ் என்பவர் பகுப்புமுறையைக் கற்பித்தார். அவர் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரும் ஆவார். அவருடைய நூலகத்திலும் இங்கிலாந்தின் வேறு பல நூலகங்களிலும் சுற்றிப் பார்த்த அரங்கநாதனுக்கு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் தயங்காமல் உள்ளே வந்து நூலெடுத்துச் செல்லும் காட்சி ஒன்று. அந்நூல்களை அடுக்குவதற்கு ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறியது மற்றொன்று. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு அப்போது பரவலாக வழங்கிற்று. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துச் செல்லும் முறை அது. எளிமையானது, ஆனால் எல்லாப் பொருள்களுக்கும் இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்தது. நாளை தோன்றப்போகும் பொருளுக்கு அதில் இடம் கிடைப்பது நற்பேற்றைப் பொறுத்தது.

அந்நாளில் செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பவர் இயக்கிக் காட்டுவதை அவர் கண்டார். சில தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை வண்டி, மறுமுறை பாரந்தூக்கி. பொம்மைகளைச் செய்து அடுக்கி வைப்பதற்குப் பதில் பாகங்களைக் கொடுத்துவிட்டால் வேண்டிய பொம்மையை வேண்டியவரே செய்துகொள்ளலாம் அல்லவா? நூலின் பொருளையும் அவ்வாறே பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் தந்து, தேவைக்கேற்பப் பூட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. பூட்டுவதற்கான திருகாணியாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயராதலால் கோலன் பகுப்புமுறை என்ற பெயர் நிலைத்தது. 1925இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலிருந்த நூல்களையே அடுக்கிப் பார்த்து முதற்சோதனை செய்தார். கரையிறங்கிய போது கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை.

சென்னையில் அவர் செய்த முதற்பெருஞ்செயல் அலமாரிகளைத் திறந்துவிட்டது. வாசகரே உள்ளே சென்று கண்ணாற் கண்டு கையால் எடுக்கலாம் என்பது அன்றைய நிலையில் துணிச்சலான ஏற்பாடு. பூட்டிய நூலகத்தில் நூல் எங்கே கிடந்தாலும் பணியாளர் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். திறந்த நூலகத்தில் அது போதாது. பட்டியலைப் பார்த்துவிட்டு அடுக்கை நோக்கி நடக்கும் ஒரு புதிய வாசகர், எவரையும் கேட்காமல் அந்த ஒரு நூலின் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு வழிகாட்டுவது நூலின் முதுகிலும் பட்டியல் அட்டையிலும் ஒன்றுபோல் எழுதப்படும் எண்ணாகும். நூலைக் கேட்டழைக்கப் பயன்படுவதால் அதனை அழைப்பெண் என்பர். அந்தச் சொல் அவருக்கு முன்பே வழங்கியதுதான். அதற்கு இலக்கணம் கண்டவர் அவர்.

அழைப்பெண்ணுக்கு அவர் மூன்று உறுப்புகள் வகுத்தார். பொருளைச் சொல்வது பகுப்பெண். அதே பொருளிலுள்ள பிற நூல்களிலிருந்து இந்நூலைப் பிரித்துக் காட்டுவது நூலெண். குறிப்புதவி நூல், பருவ இதழ் என்று தனியிடத்தில் வைக்கப்பட்டால் அவ்விடத்தைச் சொல்வது தொகுப்பெண். ஓர் அழைப்பெண் ஒரே ஒரு நூற்படியை மட்டுமே குறிக்க வேண்டும். ஒரு நூற்படிக்கு ஓர் அழைப்பெண்ணே இருக்க வேண்டும். கணித ஆசிரியரின் கண்டிப்பு இது. இரண்டாம் படி வந்தால் நூலெண்ணின் இறுதியில் அரைப்புள்ளியிட்டு 1 என்று எழுதச் சொன்னார். அந்த ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் இரண்டு படிகளில் எது எவரிடம் இருக்கிறது என்பது தெரியாமற் போகும்.

இலக்கிய வட்டத்தார் நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. டூயியின் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820. அமெரிக்க இலக்கியம் 810. செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்கு அடுத்தடுத்த இடங்கள். உலகின் பிற மொழிகள் யாவும் சேர்ந்து 890 என்னும் ஒரே அறையில் நெருக்கியடித்து நிற்க, தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்தது 894.811. ஆறு இலக்கங்களுக்குப் பிறகுதான் ஒரு தமிழ்ப் புலவரின் பெயருக்கே வரமுடியும். அரங்கநாதன் இலக்கியத்துக்கு ஓ என்னும் ரோமானிய எழுத்தைத் தந்தார். (அவருடைய எண்களில் வரும் ரோமானிய எழுத்துகளை இக்கட்டுரையில் தமிழ் ஒலிப்பாலேயே எழுதுகிறேன்.) மொழிகளுக்கு எண் வகுத்தபோது திராவிடக் குடும்பம் 3 ஆயிற்று, அதில் முதலாகிய தமிழ் 31. ஆங்கிலத்துக்கோ 111. எனவே தமிழ் இலக்கியம் ஓ31. ஆங்கில இலக்கியம் ஓ111. சண்டை போடாமல், மேடையேறி முழங்காமல், ஓர் அட்டவணையில் இதைச் செய்து முடித்துவிட்டார். அவருக்கு இதில் மொழிப்பற்று இருந்ததா, அல்லது மொழிக்குடும்பங்களை வரிசையிட்டபோது தானே நேர்ந்ததா என்று அறுதியிட முனைய வேண்டியதில்லை. எண் இருக்கிறது.

அதற்கடுத்த உறுப்பு இலக்கிய வடிவம். கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2. அதன்பின் ஆசிரியர். இங்கேதான் அவர் பிறர் எண்ணாத வழியொன்றைக் கண்டார். பெயரின் அகரவரிசையை விட்டுவிட்டு ஆசிரியர் பிறந்த ஆண்டையே எண்ணாக்கினார். 1800 முதல் 1899 வரையுள்ள நூற்றாண்டுக்கு எம் என்ற எழுத்து. 1882இல் பிறந்த பாரதியாரின் கவிதைக்கு ஓ31,1எம்82 என்று எண் அமைகிறது. 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எம்76. 1891இல் பிறந்த பாரதிதாசன் எம்91. அடுக்கின் முன்னால் நின்று இடமிருந்து வலமாகக் கண்ணையோட்டினால் தமிழ்க் கவிதையின் வரலாறே பிறப்பு வரிசையில் நிற்கும். அகரவரிசைப்படி அடுக்கிய நூலகத்தில் இவ்வின்பம் கிட்டாது. நான் கணிதம் அறியாதவன். ஆயினும் இந்த வரிசையின்முன் ஒருமுறை நின்றபோது நூலகரும் ஒருவகையில் இலக்கிய வரலாற்றாசிரியரே என்று எனக்குத் தோன்றியது.

எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதனைப் பிழையின்றி எழுதுவது மறுபாதி. 1933இல் கோலன் பகுப்பு நூலையும், அடுத்த ஆண்டே வகைப்படுத்திய நூற்பட்டிக்கான விதிநூலையும் அவர் வெளியிட்டதற்கு இதுவே காரணம். பட்டியல் அட்டையின் தலைவரியில் பகுப்பெண்ணை எழுதி, இரண்டு எழுத்தளவு இடம்விட்டு, நூலெண்ணை எழுத வேண்டும். நூலின் முதுகுச் சீட்டில் இடம் குறுகலாதலால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். அந்த இடைவெளி என்ன அத்தனை பெரிதா என்று கேட்கலாம். நூலகவியலுக்கு அவர் தந்த பகுப்பெண் 2. ஆங்கில நூல்களே மிகுந்த ஒரு நூலகத்தில், 1982இல் வெளிவந்த தமிழ் நூலொன்றுக்கு நூலெண் 31எம்2 ஆகும். தமிழுக்கு 31, 1980களுக்கு எம், இரண்டாம் ஆண்டுக்கு 2. இடைவெளியோடு எழுதினால் நூலகவியல் பற்றிய தமிழ் நூல் என்று எண்ணே பேசும். இடைவெளி விடாமல் 231எம்2 என்று சேர்த்து எழுதிவிட்டால் அது வேறேதோ ஒரு பொருளின் எண்போலத் தோன்றும்; நூலும் அங்கேதான் போய்ச் சேரும். பட்டியலில் இருக்கும், அடுக்கிலும் இருக்கும், தேடுபவருக்கு மட்டும் இருக்காது.

கூர்ந்து படித்தவர்கள் இங்கே ஒரு குறையைக் கண்டிருப்பார்கள். பாரதியாரின் எண்ணில் எம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு. நூலெண்ணில் அதே எம் 1980களைக் குறிக்கிறது. இரண்டும் வெவ்வேறு அட்டவணைகள். கற்றவருக்குக் குழப்பமில்லை, கற்கும் மாணவரோ தடுமாறுவர். இத்தனை கண்டிப்பான மனிதர் இதனை ஏன் விட்டுவைத்தார் என்று எனக்கு இன்றும் வியப்புண்டு. மற்றோரிடத்தில் அவர் மிக்க எச்சரிக்கையாகவே இருந்தார். நூலெண்ணுக்கான பத்தாண்டு எழுத்துகளில் ஐ, ஓ இரண்டையும் தவிர்த்தார். ஐ எழுத்து ஒன்று என்னும் இலக்கத்தையும், ஓ எழுத்துச் சுழியத்தையும் ஒத்திருப்பதே காரணம். பகுப்பெண்களிலோ தாவரவியலுக்கு ஐயும் இலக்கியத்துக்கு ஓவும் நின்றுவிட்டன.

அந்த ஓவினால் விளைந்த தொல்லையை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் பாரதியார் கவிதைப் பதிப்பொன்றைத் தேடிச் சென்றேன். அட்டைப் பட்டியலைக் கணிப்பொறிக்கு மாற்றி ஓராண்டு ஆகியிருந்த காலம். திரையில் நூல் இருக்கிறது என்று காட்டிற்று. தமிழ் இலக்கிய அடுக்கில் அது இல்லை. யாரோ எடுத்துச் சென்று தரவில்லை போலும் என்று இளைஞர் ஒருவர் கூறினார். ஓய்வுபெறும் வயதிலிருந்த உதவியாளர் ஒருவர் மட்டும் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வாயிலருகே இருந்த பொது நூல்களின் அடுக்குக்குப் போய் நான்கு நூல்களை எடுத்துவந்தார். எண்களைத் தட்டெழுதியவர் ஓ என்ற எழுத்துக்குப் பதிலாகச் சுழியத்தைத் தட்டியிருக்கிறார். ஓ31 என்பது 031 ஆகிவிட்டது. முதுகுச் சீட்டும் அப்படியே அச்சாகி, நூலும் சீட்டின் சொற்படி இலக்கங்களின் வரிசையில் போய் நின்றுவிட்டது. அவ்வளவு காலமும் அந்நூலைக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினரோ, யாரறிவார்.

அரங்கநாதனின் வாழ்க்கையில் 1928ஆம் ஆண்டு பேரிடி ஒன்றையும் பெருஞ்செயல்கள் சிலவற்றையும் ஒருசேரக் கொண்டுவந்தது. முதல் மனைவியார் உருக்குமணி அம்மையார் அவ்வாண்டு திருவல்லிக்கேணியில் கோயிற்குளத்தில் தவறி விழுந்து உயிர்நீத்தார். அதே ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தொடங்கிற்று. அதே ஆண்டுதான் பழைய ஆசானாகிய ராசுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்னும் முதல் விதி உருப்பெற்றது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தைக் காத்தல், நூலகம் வளரும் உயிர் என்பன ஏனைய நான்கு. இவ்வைந்து விதிகளும் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக நூலுருப்பெற்றன. நான்காம் விதியை நினைவில் வைத்துக்கொண்டால் அழைப்பெண்ணின் இடைவெளிக்கும் அரைப்புள்ளிக்கும் அவர் அத்தனை இடம் கொடுத்தது ஏன் என்பது விளங்கும். 1929இல் சாரதா அம்மையாரை மணந்தார். விடுமுறை நாள்களிலும் நூலகத்துக்குச் செல்வதே அவர் வழக்கம்; திருமணத்தன்றும் அவ்வழக்கம் தவறவில்லை என்பது நூலகர்கள் இன்றளவும் சொல்லி மகிழும் செய்தி. அம்மையார் என்ன நினைத்தார் என்பதை எவரும் சொல்வதில்லை.

நூலகச் சட்டத்துக்காக அவர் இருபதாண்டுக் காலம் முயன்றதைத் தனிக்கட்டுரையாகவே எழுத வேண்டும். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

1936இல் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையோரம் தன் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. அடுத்த ஆண்டு பகுப்பியலின் கோட்பாடுகளை ஆராயும் பெருநூலை அரங்கநாதன் வெளியிட்டார். முக்காற்புள்ளி ஒன்றே எல்லா உறுப்புகளையும் பூட்டுவது போதாது என்பது வரவர அவருக்கு விளங்கிற்று. 1952இல் வந்த நான்காம் பதிப்பில் ஐந்து அடிப்படைக் கூறுகளை வெளிப்பட வகுத்தார். பொருளின் தனித்தன்மை, அதன் மூலப்பொருள் அல்லது பண்பு, அதில் நிகழும் செயல், இடம், காலம் என்பன அவை. தொல்காப்பியம் பயின்றவர்களுக்கு முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இங்கே நினைவுக்கு வரலாம். எனக்கு வந்தது, அதற்குமேல் அவ்வொப்புமையை இழுத்துச் செல்ல விரும்பவில்லை. தனித்தன்மையின் முன் காற்புள்ளி, மூலப்பொருளின் முன் அரைப்புள்ளி, செயலின் முன் முக்காற்புள்ளி, இடத்தின் முன் முற்றுப்புள்ளி என்று குறிகள் பிரிந்தன. காலத்துக்குரிய மேற்குறி பின்னர் வந்து சேர்ந்தது.

இம்முறைக்கு மாணவர்கள் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றி நடந்த ஆராய்ச்சி என்பது நூலின் பொருள். அதன் பகுப்பெண் எல்,45;421:6;253:எஃப்.44'என்5 ஆகும். எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ் கதிர், சிற்றெழுத்தாகிய எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 ஐம்பதுகள். ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டிய பொருள் முழுவதும் எண்ணாகிவிட்டது. தமிழாசிரியர்கள் நிறுத்தக்குறிகளுக்கு மாத்திரை சொல்லிக் கொடுப்பார்களே, அதுபோல் இங்கே ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருளுண்டு. அரைப்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுந்தால் நோய் உறுப்பாகிவிடும்.

இத்தனை அழகும் ஒரு விலையோடு வந்தது. அழைப்பெண் நீண்டுகொண்டே போயிற்று. மெல்லிய நூலின் முதுகில் இவ்வளவு நீளமான எண்ணை எழுத இடமேது? பணியாளர் தவறின்றி எழுதுவதும், வாசகர் மனத்திற்கொண்டு அடுக்குவரை நடப்பதும் எளிதல்ல. அதனினும் பெருந்தொல்லை பதிப்புக்குப் பதிப்பு அவர் செய்த திருத்தம். 1939, 1950, 1952, 1957, 1960 என்று அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் எண்களும் குறிகளும் மாறின. அவருக்கோ அது அறிவின் வளர்ச்சி. ஐம்பதாயிரம் நூல்களுக்குச் சீட்டொட்டி முடித்த நூலகருக்கு அது மறுபடி ஐம்பதாயிரம் சீட்டு. இந்திய நூலகங்களிற் பல டூயியின் முறையிலேயே தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். முதன்மைப் பதிவின் தலைவரியில் அழைப்பெண்ணைப் பென்சிலால் எழுதுமாறு அவர் வகுத்த வழக்கத்தை நினைக்கும்போது, எண் மாறும் என்பதை அவர் முதலிலேயே அறிந்திருந்தார் என்பது தெரிகிறது. ஆசிரியர் பெயரும் தலைப்பும் மையால்; எண் மட்டும் அழித்தெழுதக்கூடிய பென்சிலால்.

பிறருக்குச் சொன்ன உழைப்பைத் தாமும் உழைத்தார் என்பதை மறுக்க முடியாது. 1945இல் சென்னையை விட்டு, டாக்டர் இராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் நூல்களுக்குப் பகுப்பும் பட்டியலும் தம் பொறுப்பிலேயே செய்து முடித்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலைப் பட்ட மேற்படிப்பாகவும் ஆராய்ச்சித் துறையாகவும் வளர்த்தார். இடையில் சூரிச் நகரில் ஈராண்டு தங்கினார். அவரிடம் பயின்றோர் வழியாக, 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியலின் பொருளகராதி அவருடைய சங்கிலி முறையைத் தழுவியது. அதன் எண்கள் டூயியினுடையவை. அவற்றை உறுப்புறுப்பாகப் பிரித்து வாசகருக்கு வழிகாட்டும் முறை சீர்காழியாருடையது. 1952இல் இலண்டனில் கூடிய பகுப்பாய்வுக் குழுவினரும் இவருடைய கூறுபடுத்தும் முறையையே அடிப்படையாகக் கொண்டனர்.

1956இல் தம் வாழ்நாட் சேமிப்பாகிய ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, துணைவியார் சாரதாவின் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவியொன்று நிறுவச் செய்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் குடியமர்ந்து, 1962இல் அங்கே ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. கணிதத்தை அவர் மறந்தாரில்லை. கணித மேதை இராமானுசனின் வாழ்க்கையைப் பற்றி 1967இல் நூலொன்று எழுதி வெளியிட்டார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு அப்போது முடியாத கையெழுத்தாக இருந்தது. 1987இல்தான் அது அச்சேறியது.

அவர் மறைந்த பின்னர் நூற்பட்டிகள் அட்டையை விட்டுக் கணிப்பொறிக்குள் புகுந்தன. கணிப்பொறிக்கும் எழுத்துகளிலும் குறிகளிலும் எது முன் எது பின் என்ற வரிசை ஒன்று உண்டு. அதில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இலக்கங்களுக்கு முன்னே நிற்கும், முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஒன்பதைத் தாண்டிப் பின்னே நிற்கும், அவற்றுக்குப் பின் பேரெழுத்து, கடைசியில் சிற்றெழுத்து. அரங்கநாதனின் வரிசையோ வேறு. பொதுவானது முன்னும் சிறப்பானது பின்னும் வரவேண்டும் என்பதற்காகக் குறிகளுக்கு அவர் தனியே முறை வகுத்தார். எழுத்துகளிலும் சிற்றெழுத்து முதலில், இலக்கம் அடுத்து, பேரெழுத்து இறுதியில். ஆகவே அவருடைய எண்களை அப்படியே கணிப்பொறியில் இட்டு வரிசைப்படுத்தினால் அடுக்கு ஒரு வழியும் பட்டியல் ஒரு வழியுமாகப் போகும். வரிசைக்கென்று மறைவான மாற்றெண் ஒன்றை நூலகர் உள்ளே சேர்த்தால்தான் இரண்டும் ஒத்துவரும்.

அவருடைய முறைப்படி வாழ்க்கை வரலாற்றுக்குரிய குறி டபிள்யூ என்னும் சிற்றெழுத்து. அதனுடன் பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். நூலகவியல் 2, 1892 எம்92. அரங்கநாதனின் வாழ்க்கை வரலாற்றுக்கு எண் 2டபிள்யூஎம்92. சிற்றெழுத்து முந்துவதால் அவர் வகுத்த அடுக்கில் அந்நூல் நூலகவியலின் பொதுநூல்களுக்கும் முன்னே, தலைப்பில் நிற்கும். மாற்றெண் சேர்க்காத கணிப்பொறிப் பட்டியலில் அது நூலகவியல் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது. நம் வட்டத்தின் நூலடுக்குக்கு அன்பர்கள் சென்ற ஆண்டு எண் எழுதத் தொடங்கினார்கள். அந்நூல் அங்கே முதல் தட்டின் இடக்கோடியில் இருக்கிறது. சீட்டில் எண்ணைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறார்கள்.